பக்கச் சக்கரங்கள்: அன்றும் இன்றும்

இரு சக்கர வண்டி சாய்ந்துதான் திரும்பும். இடப்பக்கம் வளைவு வந்தால் ஓட்டுபவரோடு சேர்ந்து வண்டியும் இடப்பக்கம் சரியும். ஹேண்டில்பார் அசைவது கொஞ்சமே. அதே வண்டியின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் இரண்டு சக்கரங்களை மாட்டிவிட்டால் அந்தச் சாய்வு போய்விடுகிறது. வண்டி நிமிர்ந்தபடியே திரும்ப வேண்டும். ஹேண்டிலைக் கைபலத்தால் முறுக்க வேண்டும். உடம்பு வளைவின் வெளிப்பக்கம் தள்ளப்படும். கால் ஊன்ற முடியாதவருக்காக வண்டியை நிற்க வைக்கும் சக்கரங்களே, ஓடும்போது அதைத் திரும்ப விடாமல் மல்லுக்கட்டுகின்றன. சேலம், நாமக்கல் சமவெளியில் மாற்றுத்திறனாளிகள் ஓட்டும் ஸ்கூட்டர்களில் பட்டறைகள் பார்த்த வேலையெல்லாம் இந்த மல்லுக்கட்டைத் தணிக்கப் பார்த்ததுதான்.

அதற்கு முன்னால் இருந்தது கையால் சுற்றும் மூன்று சக்கர சைக்கிள். 1972இல் கான்பூரில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் அலிம்கோ நிறுவனம் செய்து தந்த வகை. ஒரு கை சுற்ற, ஒரு கை திருப்ப, ஊருக்குள் போய்வரலாம். ஏற்றம் வந்தால் யாராவது பின்னால் தள்ள வேண்டும்.

1980களில் கொஞ்சம் வசதி உள்ளவர்கள் ஸ்கூட்டருக்கு மாறினார்கள். அன்று ஸ்கூட்டர் என்றால் பஜாஜ் சேத்தக். இடக்கையில் கிளட்சும் கியரும், வலக்காலுக்கடியில் பின்பிரேக். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவருக்கு அந்தப் பிரேக் இருந்தும் இல்லாததுதான். ஆகவே பட்டறையில் சக்கரம் மாட்டுவதற்கு முன்பே பிரேக்கைக் கைக்குக் கொண்டுவரும் வேலை இருந்தது. அடுத்த சிக்கல் என்ஜின். சேத்தக்கின் என்ஜின் வண்டியின் வலப்பக்கம் தொங்கும். எடை ஒரு பக்கம், கிளாம்பு பிடிக்க இடம் இருப்பது மறுபக்கம். இடப்புறம் மாட்டிய சட்டத்தை அப்படியே திருப்பி வலப்புறம் மாட்ட முடியாது.

சேலம், நாமக்கல் பக்கத்தில் இரும்பு வேலை தெரிந்த கைக்குப் பஞ்சமில்லை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி கட்டுகிறார்கள், சங்ககிரி லாரி உரிமையாளர்களின் ஊர். பத்து டன் சுமைக்குச் சேசிஸ் பலப்படுத்தத் தெரிந்த கைக்கு ஸ்கூட்டர் சின்ன வேலை. ஆனால் அந்தக் கையின் குறையும் அதுவே: எல்லாம் தேவைக்கு மேல் கெட்டியாக அமைந்தது. கனமான ஆங்கிள், நேர்க்கோடாக ஒரே அச்சு, ஸ்பிரிங் இல்லாத பிடிப்பு. லாரி தாங்கும், ஸ்கூட்டர் தாங்காது.

அதனால் வந்ததுதான் நடு வீல் தூக்கும் தொல்லை. பின்னால் மூன்று சக்கரங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. என்ஜின் சுற்றுவது நடுவில் உள்ளதை மட்டும். வண்டிப்பாதையின் இரு மேடுகளில் பக்கச் சக்கரங்கள் ஏறிக்கொண்டால் நடுச் சக்கரம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் சுற்றும். வண்டி நகராது, இறங்கித் தள்ள ஓட்டுபவருக்குக் காலும் இல்லை. சரி என்று பக்கச் சக்கரங்களை ஒரு விரற்கடை உயர்த்தி மாட்டினால் நிற்கும்போதே வண்டி ஒரு பக்கம் சாயும், வளைவில் ஆடும். தாழ்த்தினால் அந்தரம், உயர்த்தினால் ஆட்டம். இரண்டுக்கும் நடுவே ஓர் உயரத்தைக் கண்டுபிடித்து, அந்த உயரத்தைச் சாலைக்குத் தக்கபடி தானே மாறவும் விட வேண்டும்.

இன்று பரவலாகக் காணும் அமைப்பு அதைத்தான் செய்கிறது. ஒரே அச்சுக்குப் பதில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிக் கை, அதற்குத் தனி ஷாக் அப்சர்பர். இடச்சக்கரம் கல்லில் ஏறினால் இடப்பக்கக் கை மட்டும் மடங்கும். நடுச் சக்கரம் தரையை விடாது. தரை இடைவெளியும் இதனாலேயே கூடியது. பத்து அங்குல ரிம்மில் டயரும் சேர்ந்தால் விட்டம் சுமார் 43 செ.மீ.; நேர் அச்சு போட்டால் அது தரையிலிருந்து 21 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாது, ஆள் உட்கார்ந்ததும் இன்னும் இறங்கும், அதைத் தாங்கும் சட்டம் அதற்கும் கீழே தொங்கும். தனிக் கை வைத்தால் சட்டத்தை அச்சுக்கு மேலேயே நிறுத்திவிடலாம்.

வண்டியும் மாறியது. 1984இல் கைனடிக் ஹோண்டா வந்ததும் கியர் போயிற்று, பட்டன் ஸ்டார்ட் வந்தது. 2001இல் ஆக்டிவா. 2009இல் அதில் இடக்கைப் பிரேக்கைப் பிடித்தால் இரு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு வந்தது. காலில்லாதவர்களை நினைத்துச் செய்ததல்ல என்றாலும் அவர்களுக்கே அதிகம் பயன்பட்டது. 2020இல் வந்த ஆக்டிவா 6ஜியில் முன்சக்கரம் 10 அங்குலத்திலிருந்து 12 ஆயிற்று, தரை இடைவெளி 153 மி.மீட்டரிலிருந்து 171 ஆயிற்று.

ஆனால் வேகத்தடைகள் அதையும் தின்றுவிடுகின்றன. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். ஸ்கூட்டரின் இரு சக்கரங்களுக்கு இடைத்தூரம் ஒன்றேகால் மீட்டர்தான். அந்த அளவில் கட்டினால் வயிறு இடிக்காது. ஊர் முனைகளில் இருப்பதோ முழ அகலத்தில் கூர்மையாக எழுப்பிய திட்டு. சேலம்–நாமக்கல் சாலை அன்று தேசிய நெடுஞ்சாலை 7, இரு வழி. இன்று 44, நான்கு வழி. அதில் இடிக்க ஒன்றுமில்லை. அதிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகும் சாலையில்தான் சட்டம் உரசுகிறது.

திருப்பும் விஷயத்தில் இவ்வளவு முன்னேற்றம் இல்லை என்றே சொல்வேன். ஹேண்டில் தண்டின் கோட்டைக் கீழே நீட்டினால் அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் விழும். அந்த இடைவெளிதான் இரு சக்கர வண்டியை நேராக ஓட வைக்கிறது. சாயாத வண்டியில் அதுவே ஹேண்டிலைக் கனக்க வைக்கிறது. வெளிநாடுகளில் பெரிய மோட்டார் சைக்கிளை மூன்று சக்கரமாக்குபவர்கள் முன்ஃபோர்க்கின் சாய்வை நாலைந்து பாகை மாற்றும் பிடிப்பை மாட்டி இந்த இடைவெளியைக் குறைக்கிறார்கள். இங்கே மாற்றமெல்லாம் பின்பாதியில்தான். முன்ஃபோர்க் கம்பெனி கொடுத்தபடியே இருக்கிறது. எஞ்சியது பழைய கைவேலை: நூல் பிடித்து மூன்று சக்கரமும் இணையாக ஓடுகிறதா என்று பார்ப்பது, ஹேண்டில் தண்டு சுழலும் பேரிங்கான கோன்செட்டின் இறுக்கம் பார்ப்பது, முன்டயரில் காற்றைக் குறையவிடாமல் வைப்பது. நூல் தவறினால் பக்க டயர் தேய்ந்தே காட்டிக்கொடுக்கும். சாலையின் ஓரச் சரிவோ இன்றும் வண்டியை ஓயாமல் இடப்பக்கம் இழுக்கிறது. அதை எதிர்த்துப் பிடித்திருப்பது ஓட்டுபவரின் தோள்.

தமிழக அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை இரு கால்களும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை இலவசமாகத் தருகிறது. அன்று வசதி உள்ளவருக்கே கிட்டியது இன்று மனு கொடுப்பவருக்குக் கிட்டுகிறது. வாகனச் சட்டமும் இளகியிருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மாற்றுத்திறனாளியின் வண்டி என்பதற்கு அதற்கென்றே வடிவமைத்துக் கட்டியதாக இருக்க வேண்டும் என்றது. மாற்றியமைத்தது மட்டும் போதாது. 2019 திருத்தம் மாற்றியமைத்த வண்டியையும் அந்த வரையறைக்குள் எடுத்துக்கொண்டது. இதெல்லாம் சிறிய லாபமல்ல.

போனது அளவெடுத்துக் கட்டும் வழக்கம். அன்று ஆளை உட்கார வைத்து, எந்தத் தோளில் பலம், எந்தப் பக்கம் ஊன்றுகோல் வைப்பார், வீட்டு வாசல் எத்தனை அடி என்று கேட்டுச் சட்டத்தை வெட்டினார்கள். வாசல் குறுகலென்றால் சக்கரங்களை உள்ளே தள்ளிவைத்தார்கள், வளைவில் ஆட்டம் கூடும் என்று சொல்லியே. இன்றைய சட்டம் எல்லோருக்கும் ஒரே அகலம்.

அளவு மாறவேண்டிய காலத்தில்தான் அந்த வழக்கம் நின்றுபோயிருக்கிறது. அன்று வந்தவர்களில் பெரும்பாலோர் இளம்பிள்ளை வாதம் கண்டவர்கள்: கால் சூம்பியிருந்தாலும் இடுப்புக்கு மேல் உறுதியானவர்கள், இழுக்கும் ஹேண்டிலைப் பிடித்து நிறுத்தக் கூடியவர்கள். 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. இன்று பட்டறைக்கு வருபவர்களில் விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு இடுப்புப் பிடிமானம் இல்லை. சாலைச் சரிவு ஹேண்டிலை இழுக்கும்போது உடம்பும் கூடவே போகும். முதுகுச் சாய்வும் இடுப்புப் பட்டையும் வேண்டும், ஹேண்டில் இன்னும் அருகில் வரவேண்டும். ஒரே அளவுச் சட்டத்தில் இதற்கெல்லாம் இடமில்லை.

சேத்தக் மின்சார வண்டியாகத் திரும்பி வந்திருக்கிறது, பின்னோக்கிப் போகும் வசதியோடு. காலால் உந்திப் பின்னுக்குப் போக முடியாதவருக்கு இதைவிடப் பெரிய வசதி பெட்ரோல் ஸ்கூட்டரில் எதுவும் வந்ததில்லை. சுவரைக் கையால் தள்ளிப் பின்னுக்கு வந்தவர்கள் அதை அறிவார்கள். ஆனால் மின்சார ஸ்கூட்டர்கள் பலவற்றில் பேட்டரி இருப்பது கால்பலகைக்கு அடியில். பழைய கிளாம்பு பிடித்த இடம் அது. அங்கே துளை போடவோ வெல்டிங் வைக்கவோ முடியாது; சட்டத்தை எங்கே பிடிப்பது என்று பட்டறைக்காரர் மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.