கணினி வந்தது, கற்றல் வளர்ந்ததா?

பள்ளிக்குக் கருவி வாங்குமுன், பிள்ளைகளின் எந்தக் கற்றல் குறையை அது தீர்க்க வேண்டும் என்று முடிவு செய்வதே திட்டமிடலின் முதல் படி. பெரு நாட்டின் அனுபவம் இதை உணர்த்துகிறது. அங்கே கிராமத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கைகளில் பச்சையும் வெள்ளையுமான சிறு மடிக்கணினிகள் தரப்பட்டன. கணினி பெற்றவை, பெறாதவை என 319 பள்ளிகளை ஒப்பிட்ட ஆய்வு 2012இல் வெளியானது. பொதுவான சிந்தனைத் திறன் ஓரளவு கூடியிருந்தது. கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை. பெரும்பாலான பள்ளிகளில் அப்போது இணையமே இருக்கவில்லை.

ஆகவே திட்டத்தில் ஆசிரியர் பயிற்சி, மின்சாரம், இணையம், பழுதுபார்க்கும் செலவு ஆகிய எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். கருவி வருமுன் ஒரு தேர்வு, ஓராண்டு கழித்து மற்றொரு தேர்வு, கருவி இல்லாத பள்ளியோடு ஒப்பீடு: இம்மூன்றும் சேர்ந்தால்தான் மதிப்பீடு முழுமை பெறும்.