கரிமச் சூரிய மின்கலங்களில் இடைமுகப் படலம்

இடைமுகப் படலம் என்பது கரிமச் சூரிய மின்கலத்தில் ஒளியை உறிஞ்சும் படலத்திற்கும் மின்வாய்க்கும் இடையே இடப்படும் மிக மெல்லிய படலம் ஆகும். இதன் தடிமன் பெரும்பாலும் 1 முதல் 50 நானோமீட்டர் வரை இருக்கும். இப்படலம் தானாக மின்னாற்றலை உருவாக்குவதில்லை. கலத்தினுள் உருவான எதிர்மின்னிகளை (எலக்ட்ரான்களை) ஒரு மின்வாய்க்கும், புரைமின்னிகளை (துளைகளை) மற்றொரு மின்வாய்க்கும் பிரித்து அனுப்புவதே இதன் பணி. 1986-இல் ஏறத்தாழ 1 விழுக்காடாக இருந்த இக்கலங்களின் பயனுறுதிறன் இன்று ஆய்வகங்களில் 20 விழுக்காட்டை எட்டியுள்ளது. இவ்வளர்ச்சியில் புதிய ஒளியுறிஞ்சும் பொருள்களுக்கு அடுத்த பங்கு இடைமுகப் படலங்களுக்கு உண்டு. கலம் விரைவில் பழுதடைவதற்கும் பல வேளைகளில் இதே படலங்களே காரணமாகின்றன.

தேவை

சிலிக்கான் மின்கலத்தில் ஒளி பட்டவுடன் எதிர்மின்னியும் புரைமின்னியும் எளிதில் பிரிந்துவிடும். கரிமப் பொருளில் அவை எக்சைட்டான் எனப்படும் பிணைந்த இணையாகவே பிறக்கின்றன. இந்த இணை சுமார் 10 நானோமீட்டர் தொலைவு நகர்வதற்குள் எதிர்மின்னியை ஈயும் பொருளும் ஏற்கும் பொருளும் தொடும் எல்லையை அடையாவிட்டால் அழிந்துவிடும். கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த சிங் டாங் 1986-இல் இவ்விரு பொருள்களையும் இரு அடுக்குகளாக வைத்துக் கலம் அமைத்தார். 1990-களில் ஆலன் ஹீகர் குழுவினர் இரண்டையும் ஒன்றாகக் கலந்து, எல்லையைப் படலம் முழுவதும் பரவச் செய்தனர்.

கலந்ததால் ஒரு புதிய சிக்கல் எழுந்தது. கலவையில் இரு பொருள்களுமே இரு மின்வாய்களையும் தொடுகின்றன. எனவே எதிர்மின்னி தவறான மின்வாய்க்குச் சென்று, அங்கு வரும் புரைமின்னியுடன் சேர்ந்து வீணாக வாய்ப்புண்டு. மின்வாய்களின் வெளியேற்று ஆற்றல் கலவையின் ஆற்றல் மட்டங்களோடு பொருந்தாவிட்டால் மின்னூட்டங்கள் வெளியேற இயலாமல் வாயிலிலேயே தேங்கவும் கூடும்.

கரும்பு விளையும் கள்ளக்குறிச்சிப் பகுதியினருக்கு இதனை ஆலை வாயிலைக் கொண்டு விளக்கலாம். வயலில் விளைச்சல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வெட்டிய கரும்பு ஆலை வாசலில் காத்துக் கிடந்தால் அதன் சர்க்கரைச் சத்து குறையும். வெளியேறும் வண்டியும் அதே வழியில் எதிரே வந்தால் நெரிசல் இன்னும் கூடும். இடைமுகப் படலம் வாயிலை அகலமாக்குவதோடு, அதனை ஒருவழிப் பாதையாகவும் ஆக்குகிறது. கரும்புக்கு இழப்பு மணிக்கணக்கில் நேர்கிறது, மின்னூட்டத்திற்கோ நொடியின் மிகச் சிறிய பகுதியில் நேர்ந்துவிடுகிறது என்பது மட்டுமே வேறுபாடு.

அளவீட்டில் தெரியும் விதம்

கலத்தின் பயனுறுதிறன் திறந்த சுற்று மின்னழுத்தம், குறுஞ்சுற்று மின்னோட்டம், நிரப்புக் காரணி ஆகிய மூன்றின் பெருக்கலைப் பொறுத்தது. இடைமுகப் படலம் மின்னழுத்தத்தையும் நிரப்புக் காரணியையும் பெரிதும் பாதிக்கிறது. நல்ல கலத்தின் மின்னோட்ட-மின்னழுத்த வரைகோடு முழங்கால் போல் கூர்மையாக மடங்கும். வாயிலில் தேக்கம் இருந்தால் அக்கோடு ஆங்கில எழுத்து எஸ் போல வளைந்துவிடும்.

இந்தியாவில் இத்துறையில் குறிப்பிடத்தக்க ஆய்வு பெங்களூரு ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் நடைபெற்றது. பலபடிக் கலங்களில் நிரப்புக் காரணி குறைவதற்கும் மின்வாய்த் தொடர்பின் தன்மைக்கும் உள்ள உறவை கே. எஸ். நாராயண் குழுவினர் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டனர். குறை ஒளியுறிஞ்சும் பொருளிலா, தொடர்பிலா என்று பிரித்தறிய இத்தகைய ஆய்வுகள் உதவுகின்றன. இவ்வாறு பிரித்தறியாவிடில் நல்ல பொருளையும் தவறாகக் கைவிட நேரிடும்.

பயன்படும் பொருள்கள்

புரைமின்னிகளைக் கடத்த நெடுங்காலம் பயன்பட்டு வருவது பெடாட்:பிஎஸ்எஸ் என்னும் கடத்தும் பலபடி ஆகும். நீரில் கரைத்துப் பூசத்தக்க இப்பொருள் இண்டியம் வெள்ளீய ஆக்சைடு கண்ணாடியின் மேற்பரப்பைச் சமன் செய்து, அதன் வெளியேற்று ஆற்றலையும் சுமார் 5 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு உயர்த்துகிறது. நிக்கல் ஆக்சைடு, மாலிப்டினம் மூவாக்சைடு ஆகியனவும் இப்பணிக்கு உரியவை.

எதிர்மின்னிகளின் பக்கத்தில் முதலில் வியப்பளித்தது இலித்தியம் புளோரைடு ஆகும். இது ஒரு மின்கடத்தாப் பொருள். ஆயினும் ஓரிரு நானோமீட்டருக்கும் குறைவான தடிமனில் அலுமினியத்தின் அடியில் இட்டபோது மின்னோட்டம் எளிதாகச் சென்றது. ஆத்திரியாவின் லின்ஸ் நகர ஆய்வாளர்கள் இம்முறையில் 3.3 விழுக்காடு பயனுறுதிறனை எட்டியதாக 2002-இல் அறிவித்தனர். தடிமன் சற்றுக் கூடினாலும் அதே படலம் தடையாக மாறிவிடும். 2012-இல் சீனாவின் தென்சீனத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழுவினர் பிஎஃப்என் என்னும் பலபடியைத் தலைகீழ் அமைப்புக் கலத்தில் இட்டு 9.2 விழுக்காட்டை எட்டினர். அண்மைக் காலத்தில் டூபாக்ஸ் போன்ற, ஒரே மூலக்கூறு அளவு தடிமன் கொண்ட, தானே அடுக்கமையும் படலங்கள் பெடாட்:பிஎஸ்எஸ்-இன் இடத்தைப் பிடித்து வருகின்றன.

வெப்பமும் ஈரமும்

பெடாட்:பிஎஸ்எஸ் அமிலத்தன்மை உடையது, ஈரத்தை உறிஞ்சுவது. அடியிலுள்ள இண்டியம் ஆக்சைடை அது நாளடைவில் அரிக்கிறது. மேலுள்ள அலுமினியமும் காற்றுப்பட்டு ஆக்சைடாகிறது. இதைத் தவிர்க்கவே தலைகீழ் அமைப்பு உருவானது. அதில் ஒளிபுகும் மின்வாயின் மேல் துத்தநாக ஆக்சைடும், மறுபுறம் மாலிப்டினம் மூவாக்சைடும் வெள்ளியும் இடப்படுகின்றன. ஆனால் புற ஊதாக் கதிர் படும்போது துத்தநாக ஆக்சைடு ஒளிவினையூக்கியாகச் செயல்பட்டு, தன்னைத் தொடும் கரிம மூலக்கூறுகளைச் சிதைக்கக் கூடியது. ஆகவே அதன்மீதும் ஒரு பாதுகாப்புப் படலம் வேண்டியிருக்கிறது.

கரிமக் கலங்களை நெகிழித் தாளில் அச்சிடலாம் என்பதால் அவை எடை குறைந்தவை. கல்வராயன் மலையின் சிதறிய சிற்றூர்களுக்குக் கண்ணாடித் தகடுகளைவிட இவற்றைக் கொண்டு செல்வது எளிது. எனினும் அங்கு நிறுவப்படும் கலம் கோடை வெயிலையும் வடகிழக்குப் பருவமழைக் கால ஈரத்தையும் ஆண்டுதோறும் தாங்க வேண்டும். வழக்கமான சூரியத் தகடுகள் 85 பாகை செல்சியசு வெப்பத்திலும் 85 விழுக்காடு ஈரப்பதத்திலும் 1000 மணி நேரம் சோதிக்கப்படுகின்றன. கரிமக் கலங்களுக்கு இது கடினமான சோதனையாகும்.

ஆய்விதழ்களில் வரும் உச்ச அளவுகளைப் படிப்போர் கலத்தின் பரப்பையும் நோக்குதல் நலம். அவற்றுள் பெரும்பாலானவை 1 சதுர சென்டிமீட்டருக்கும் குறைந்த பரப்பில் பெறப்பட்டவை. சில நானோமீட்டர் தடிமனுள்ள படலத்தை மீட்டர் கணக்கில் ஓடும் தாளின்மீது ஓட்டையின்றிச் சீராகப் பூசுவது வேறொரு பணி. இதனால்தான் தடிமன் சற்று மாறினாலும் திறன் குறையாத இடைமுகப் பொருள்களைத் தேடும் ஆய்வு தனிப் பிரிவாக வளர்ந்துள்ளது.