நோயாளியின் உறக்கமும் நறுமணமும்



உறக்கம் அல்லாஹ் நமக்கு அளித்த அருட்கொடை. அதன் அருமை, மருத்துவமனைக் கட்டிலில் விழித்துக் கிடப்பவருக்கே நன்கு விளங்கும். நோயின் வலி ஒருபுறம். அணையாத விளக்கு, அடுத்த கட்டிலின் முனகல், இரத்த அழுத்தம் பார்க்க எழுப்பும் செவிலியர் என இடையூறுகள் மறுபுறம். இதனால் பலருக்குத் தூக்க மாத்திரை தரப்படுகிறது.

மாத்திரையால் என்ன தீங்கு?

டயஸிபாம் போன்ற மாத்திரைகள் முதியவர் உடலில் நெடுநேரம் தங்குகின்றன. இரவில் சிறுநீர் கழிக்க எழுபவர் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளலாம், சித்தம் குழம்பலாம். எனவேதான் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பீயர்ஸ் பட்டியல், இவ்வகை மருந்துகளை முதியோருக்குத் தவிர்க்குமாறு கூறுகிறது.

மணம் உதவுமா?

1995-இல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் ஒரு சிறு ஆய்வு வெளியானது. உறக்கமின்றி அவதியுற்ற நான்கு முதிய நோயாளிகளின் உறக்கம் ஆறு வாரங்கள் அளக்கப்பட்டது. மாத்திரையை நிறுத்தியதும் உறக்கம் குறைந்தது. பின்னர் அறையில் லாவெண்டர் மணத்தைப் பரப்பியபோது, மாத்திரை உண்ட நாள்களின் அளவுக்கு அது மீண்டது.

நுகரும் மணத்தின் செய்தி, உணர்ச்சிகளையும் நினைவுகளையும் ஆளும் மூளைப் பகுதிகளை மிகக் குறுகிய வழியில் சென்றடைகிறது. லாவெண்டர் எண்ணெயில் உள்ள லினலூல் என்னும் பொருளுக்கு அமைதிப்படுத்தும் தன்மை இருப்பதாக விலங்குகளிடம் நடந்த சோதனைகள் காட்டுகின்றன.

எனினும் நால்வரைக் கொண்டு நாட்டுக்கே தீர்ப்புக் கூறலாகாது. பின்னர் நடந்த ஆய்வுகளிலும் பல சிறியவையே. மேலும், மணத்தை நுகர்பவர் அதை அறிந்துவிடுவதால், பலன் எண்ணெயாலா, நம்பிக்கையாலா எனப் பிரித்தறிவது கடினம். ஆகவே நறுமணம் ஒரு துணையே. மருந்துக்கு மாற்று என்று சொல்லிவிட முடியாது.

கவனிக்க வேண்டியவை

நெடுநாள் உண்ட தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும்கூட வரலாம். மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும். மணம் பயன்படுத்தவும் அவரிடம் கேட்க வேண்டும். அனுமதித்தால், ஓரிரு சொட்டு எண்ணெயைப் பஞ்சில் இட்டுத் தலையணைக்கு அருகே வைத்தால் போதும். அதை அருந்தக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர் அருகில் இருந்தால் அறவே தவிர்க்க வேண்டும். விளக்கொளியைத் தணிப்பதும் பேச்சைக் குறைப்பதும் இதனினும் முதன்மையானவை.

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நறுமணத்தை நபி (ஸல்) அவர்கள் விரும்பினார்கள். அத்தர் பூசுவது சுன்னத்து. ஆயினும் மூச்சுத் திணறும் ஒருவரை நலம் விசாரிக்கச் செல்லும்போது நம் ஆடையின் கடுமணமே அவருக்குத் துன்பமாகிவிடக் கூடாது. சற்று நேரம் அமர்ந்து, மெல்லிய குரலில் துஆச் செய்து, அவர் உறங்க வழிவிட்டு எழுந்து வருவோம். நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் நிம்மதியான உறக்கத்தையும் பூரண நலத்தையும் அருள்வானாக! ஆமீன்.