நிரந்தர வழிமாற்றம் (301)

மாணவர்களே! இணையம் என்னும் அலகில் வலை முகவரி, ஆள்களப் பெயர், வலைச் சேவையகம் என்பவற்றைக் கற்றுள்ளீர்கள். ஒரு தளத்தின் முகவரி மாறினால் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கு நோக்குவோம்.

உக்குவளையில் வசித்த குடும்பம் ஒன்று ரத்தோட்டையில் நிரந்தரமாகக் குடியேறுகிறது எனக் கொள்வோம். புதிய முகவரியைப் பழைய ஊர்த் தபால் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால், கடிதங்கள் புதிய வீட்டுக்கு அனுப்பப்படும். கொடுக்காவிட்டால் நேர்முகப் பரீட்சைக்கான அழைப்புக் கடிதமும் கைக்கு வராமற் போகலாம்.

இணையத்தளத்துக்கும் இது பொருந்தும். இலங்கைக்குரிய '.எல்கே' ஆள்களம் 1990 இல் தொடங்கியது. தமிழ் எழுத்திலான '.இலங்கை' ஆள்களம் 2010 இல் அறிமுகமானது. ஒரு பாடசாலை தனது தளத்தை முன்னையதிலிருந்து பின்னையதற்கு மாற்றுகிறது எனக் கொள்வோம். ஆண்டு மலரில் ஏற்கெனவே அச்சான முகவரியை இனித் திருத்த முடியாது. அதைத் தட்டச்சு செய்பவர் பாடசாலையின் தளத்தை அடையமாட்டார். இதைத் தவிர்ப்பதே நிரந்தர வழிமாற்றம்.

தொழிற்படும் விதம்

1. மேலோடி பழைய முகவரியைக் கேட்கும்.
2. சேவையகம் 301 என்னும் நிலைக் குறியீட்டையும் புதிய முகவரியையும் பதிலாக அனுப்பும்.
3. மேலோடி தானாகவே புதிய முகவரிக்குச் செல்லும்.

தேடுபொறிகளும் 301 ஐக் கண்டு, காலப்போக்கில் தமது பட்டியலில் புதிய முகவரியைச் சேர்த்துக்கொள்ளும்.

அமைக்கும் விதம்

சேவையகத்தின் அமைவடிவக் கோப்பில் ஒரு வரி எழுதினாற் போதும்.

அப்பாச்சி: 'ரீடைரெக்ட்' என்னும் கட்டளை, 301, பழைய பாதை, புதிய முழு முகவரி என்பன இதே ஒழுங்கில், இடைவெளி விட்டு எழுதப்படும்.
என்ஜின்எக்ஸ்: 'ரிட்டர்ன்' என்னும் கட்டளை, 301, புதிய முகவரி என்பன எழுதப்பட்டு, இறுதியில் அரைப்புள்ளி இடப்படும்.

கட்டளைகளை ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும். தமிழ் ஆள்களப் பெயரையும் 'பியூனிகோட்' எனப்படும் ஆங்கில எழுத்து வடிவுக்கு மாற்றியே எழுதுவர். கோப்பைச் சேமித்த பின் சேவையகத்தை மீளேற்ற வேண்டும்.

கவனிக்க

* மேலோடி 301 ஐ நினைவில் வைத்திருக்கும். பிழையான முகவரியைக் கொடுத்துப் பின்னர் திருத்தினாலும், முன்பு வந்தவர் பிழையான இடத்துக்கே செல்லக்கூடும். எனவே முதலில் தற்காலிக வழிமாற்றமாகிய 302 ஐ இட்டுச் சோதியுங்கள். சரியெனக் கண்ட பின்னரே 301 இடுங்கள்.
* ஒவ்வொரு பழைய பக்கத்தையும் அதற்குரிய புதிய பக்கத்துக்கே அனுப்புங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கு அனுப்பினால், தேடி வந்தவர் மீண்டும் தேட வேண்டியிருக்கும்.
* பழைய ஆள்களப் பெயரின் பதிவைத் தொடர்ந்து புதுப்பியுங்கள். பதிவு காலாவதியானால் வழிமாற்றமும் நின்றுவிடும். அப்பெயரை வேறொருவர் வாங்கவும் கூடும்.

மாதிரி வினா: திருத்த வேலைக்காக ஒரு பக்கம் இரண்டு நாட்களுக்கு மாத்திரம் வேறு முகவரியில் இயங்கும். பொருத்தமான குறியீடு யாது?
விடை: 302. மாற்றம் தற்காலிகமானது என்பதே காரணம்.