தேதி இல்லாத உதவித்தொகை

ஆராய்ச்சிப் படிப்பும் அதன் பொருளாதாரமும் – 6

தேசியத் தகுதித் தேர்வான நெட்டுக்கு எப்படித் தயாராவது என்று சென்ற வாரம் பார்த்தோம். தேறி, இளநிலை ஆய்வாளர் உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப் கைக்கு வந்த பிறகு நடப்பதுதான் இந்த வாரம்.

ஒரு குடும்பத்தில் முதன்முதலாக முதுகலை முடித்த பிள்ளை ஜே.ஆர்.எஃப் வாங்கிவிட்டால், தெருவே அந்தத் தொகையைச் சொல்லித்தான் வாழ்த்தும். மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகள் கழித்து முதுநிலை ஆய்வாளர், அதாவது எஸ்.ஆர்.எஃப் ஆக உயர்ந்தால் 42,000, அது மூன்று ஆண்டுகளுக்கு. வீட்டு வாடகைப்படி தனி. அரசுக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளருக்குத் தமிழ்நாட்டில் 2023இல் உயர்த்தப்பட்ட தொகுப்பூதியமே 25,000தான், அதுவும் ஆண்டுக்கு 11 மாதங்களுக்கு. அந்தக் கணக்கில் பார்த்தால் வாழ்த்துவதில் தவறில்லை.

ஜே.ஆர்.எஃப் தொகை 2010இல் 16,000 ஆக இருந்தது. 2014இல் 25,000, 2019இல் 31,000, 2023 ஜனவரி முதல் 37,000. 2019 உயர்வுக்கு முன்பு ஆய்வாளர்கள் நாடெங்கும் பதாகை பிடித்து நிற்க வேண்டியிருந்தது. தொகைக்காகப் போராடினார்கள், ஓரளவு வென்றார்கள். ஆனால் அந்தப் பணம் எந்தத் தேதியில் வந்து சேரும் என்ற கேள்விக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை. அரசு ஊழியருக்கு மாதக் கடைசி வேலை நாளில் சம்பளம் ஏறிவிடும். அதை நம்பித்தான் அவர் வாடகைக்கும் பால்காரருக்கும் வாக்குக் கொடுக்கிறார். ஆய்வாளருக்கு அந்த நம்பிக்கை கிடையாது.

ஏன் தாமதமாகிறது? முன்பெல்லாம் பல்கலைக்கழக மானியக் குழு பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும். அங்கிருந்து ஆய்வாளருக்குப் போகும். இப்போது கனரா வங்கி வழியாக நேரே அவர் கணக்குக்கே வருகிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் இவர் இன்னமும் ஆய்வு செய்துகொண்டிருக்கிறார் என்று ஒவ்வொரு மாதமும் பல்கலைக்கழகம் இணையதளத்தில் உறுதி செய்தால்தான் பணம் நகரும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். பதிவு செய்கிறவருக்கு ‘மேக்கர்’ என்று பெயர், அதைச் சரிபார்த்து ஒப்புதல் தருகிறவர் ‘செக்கர்’. இருவரில் ஒருவர் நீண்ட விடுப்பில் போனாலும், மாற்றலாகி அடுத்தவருக்குக் கடவுச்சொல் வந்து சேராவிட்டாலும், அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டியதுதான். பல்கலைக்கழகம் தன் வேலையை முடித்த பிறகும் டெல்லியில் நிதி ஒதுக்கீடு தாமதமாகலாம். கேட்கப் போனால் துறை பதிவாளர் அலுவலகத்தைக் காட்டும், அலுவலகம் வங்கியைக் காட்டும், வங்கி மானியக் குழுவைக் காட்டும்.

எஸ்.ஆர்.எஃப் ஆகும் கட்டம் இன்னொரு முடிச்சு. இரண்டாம் ஆண்டு முடிவில் நெறியாளர், துறைத்தலைவர், வெளியிலிருந்து ஒரு துறை வல்லுநர் என மூவர் குழு கூடி ஆய்வு திருப்திகரம் என்று எழுதித் தர வேண்டும். வெளி வல்லுநருக்குத் தேதி ஒத்துவராமல் கூட்டம் தள்ளிப்போனால் உயர்வும் அதோடு தள்ளிப்போகும்.

பின்னால் நிலுவை மொத்தமாக வந்துவிடுமே, அப்புறம் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வரும்தான். ஆனால் அதுவரை தாக்குப்பிடிக்க யாரால் முடியும்? அப்பாவும் அம்மாவும் மாதச் சம்பளக்காரர்கள் என்றால் நான்கு மாதத் தாமதம் ஓர் எரிச்சல், அவ்வளவே. நூறு நாள் வேலைக்குப் போகும் தாயின் மகளுக்கு அது விடுதிச் சாப்பாட்டுக் கட்டணம், களப்பணிக்கான பேருந்துச் செலவு, வட்டிக்கு வாங்கிய கடன். அவள் மாலையில் டியூஷன் எடுக்கப் போகிறாள். பகலில் நூலகத்தில் தூங்குகிறாள். ஆய்வேடு ஓர் ஆண்டு பிந்துகிறது. வசதியில்லாதவரும் வசதியுள்ளவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆராய வேண்டும் என்பதற்காக வந்த திட்டம், தாமதத்தால் அந்த நோக்கத்தையே இழந்துவிடுகிறது.

பணம் நின்றால் படிப்புக்கு என்ன ஆகும் என்பதற்கு அம்பேத்கரின் வாழ்க்கையே சாட்சி. 1913இல் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அளித்த மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகையில்தான் அவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கிருந்து லண்டன் சென்று படித்துக்கொண்டிருந்தபோது, 1917இல், உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்திச் சேர்த்த பணம், கோலாப்பூர் ஷாஹு மகாராஜாவின் உதவி, நண்பரிடம் வாங்கிய கடன் எல்லாம் சேர்ந்த பிறகே 1920இல் மறுபடியும் லண்டன் போக முடிந்தது. மூன்று ஆண்டுகள் போயின. அவர் அம்பேத்கர், திரும்பிப் போனார். போகாமலே நின்றுவிட்டவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

நூறு ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரியில், ஹைதராபாத் பல்கலைக்கழக ஆய்வாளர் ரோகித் வெமுலா, தற்கொலை செய்துகொள்ளும் முன், தன் கடைசிக் கடிதத்தில் ஏழு மாத உதவித்தொகை 1,75,000 ரூபாய் வர வேண்டியிருக்கிறது, அது தன் குடும்பத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எழுதிவைத்திருந்தார். உதவித்தொகை என்றால் என்ன என்று நம் அதிகாரிகளுக்கு எப்போதாவது சந்தேகம் வந்தால் அந்தக் கடிதத்தை எடுத்துப் படிக்கட்டும்.

ஜே.ஆர்.எஃப் கிடைக்காதவர்களின் நிலை இதனினும் மோசம். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாமல் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் தரப்படுகிறது. 2015 அக்டோபரில் அதையும் நிறுத்துவதாக மானியக் குழு அறிவித்தபோது மாணவர்கள் டெல்லியில் அதன் அலுவலக வாசலிலேயே இரவு பகலாக உட்கார்ந்தார்கள். அதனால் தொகை பிழைத்தது, ஆனால் உயரவில்லை. மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அதுவும் கிடையாது. சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23 முதல் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இந்த ஆண்டு சேரப்போகும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். சேர்ந்த அன்றே ஜாயினிங் ரிப்போர்ட்டின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தில் மேக்கர் யார், செக்கர் யார் என்பது நெறியாளர் பெயரைப் போலவே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பணம் வராத மாதத்தில் வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வராதீர்கள். தேதி போட்டு மனு எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். எஸ்.ஆர்.எஃப் குழுவைக் கூட்டும்படி இருபதாவது மாதத்திலேயே துறைத்தலைவரிடம் பேசத் தொடங்குங்கள்.

பதிவாளர் அலுவலகங்களில் பணியாற்றும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மாத உறுதிச் சான்று உங்கள் மேசையில் கிடந்தால், இன்றைக்கே முடித்து அனுப்பிவிடுங்கள்.

(தொடரும்)