லாபமும் கையிருப்பும்

வியாபாரம் நன்றாகவே நடக்கிறது, ஆனால் கையில் பணம் நிற்பதில்லை என்று சொல்லுவோரை நாம் அடிக்கடி காண்கிறோம். மும்பையிலோ புனேயிலோ தில்லியிலோ கடை வைத்திருக்கும் நம்மவர்க்கு இந்நிலை நேரும்போது கஷ்டம் இரட்டிப்பாகிறது. சொந்த ஊரில் என்றால் அவசரத்துக்கு மைத்துனரிடமோ பங்காளியிடமோ கைமாற்று வாங்கலாம்; வெளியூரில் அது எளிதன்று. ஆகவே, பணம் வரும் வழியையும் போகும் வழியையும் முன்னதாகவே அறிந்துகொள்ளக் கணிப்பொறி எவ்வாறு உதவுகிறது என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில், லாபம் வேறு, பணம் வேறு என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். ஓர் உதாரணத்தைக் கொள்வோம். ஒருவர் பாத்திரக்கடை நடத்துகிறார். மாதத் தொடக்கத்தில் ரொக்கமாகவும் வங்கியிலுமாக அவரிடம் 2,00,000 ரூபாய் இருக்கிறது. அம்மாதம் 6,00,000 ரூபாய்க்கு விற்பனை நடக்கிறது. விற்ற சரக்கின் அடக்கவிலை 4,50,000; வாடகையும் சம்பளமும் 70,000. ஆக, லாபம் 80,000 ரூபாய். மகிழ வேண்டிய செய்திதான்.

ஆனால் விற்பனையில் 2,00,000 மட்டுமே ரொக்கம், எஞ்சியது கடன். பழைய பாக்கியில் 1,00,000 வசூலாயிற்று. எனவே உள்ளே வந்த பணம் 3,00,000. சரக்குக் கொடுத்தவர்களுக்குச் செலுத்தியது 3,50,000, வாடகைக்கும் சம்பளத்துக்கும் 70,000, புதிய தராசுக்கும் அலமாரிக்கும் 30,000. வெளியே போன பணம் 4,50,000. மாத முடிவில் மிஞ்சிய இருப்பு 50,000 ரூபாய்தான். அடுத்த மாத வாடகைக்கும் சம்பளத்துக்குமே அது போதாது! லாபக்கணக்கு இதனைச் சொல்லாது. சொல்லுவது பண ஓட்டச் சுருக்கமே.

இச்சுருக்கத்தைக் கணிப்பொறி எவ்வாறு திரட்டித் தருகிறது? நம் முன்னோர் குறிப்பேட்டில் அன்றாடம் எழுதி, பேரேட்டில் தலைப்புவாரியாகப் பதிந்து, இறுதியில் ஐந்தொகை எடுத்தார்கள். கணக்கு மென்பொருளும் அடிப்படையில் அவ்வாறே செய்கிறது. ஒவ்வொரு பதிவும் தேதியோடும் தலைப்போடும் சேமிக்கப்படுகிறது. நாம் சுருக்கம் கேட்டவுடன், ரொக்கத்தையோ வங்கிக் கணக்கையோ தொட்ட பதிவுகளை மட்டும் அது பொறுக்கியெடுத்துக் கூட்டுகிறது. கடையிலிருந்து எடுத்து வங்கியில் கட்டிய பணம் வரவுமன்று, செலவுமன்று. ஒரு பையிலிருந்து மறு பைக்கு மாறியதேயாகும். ஆதலால் அதனைச் சேர்ப்பதில்லை.

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனத்தின் டாலி என்னும் மென்பொருள் நம் நாட்டுக் கடைகளில் பெரிதும் வழக்கிலுள்ளது. அதில் பண ஓட்டம் என்ற அறிக்கையைத் திறந்தால், மாதவாரியாக வந்த தொகை, போன தொகை, நிகரத் தொகை ஆகிய மூன்றும் வரிசையாகத் தோன்றும். ஒரு மாதத்தின்மேல் நின்று விசையைத் தட்டினால் அம்மாதத்தின் தலைப்புகள் விரியும். மேலும் உள்ளே சென்றால் மூலப் பதிவையே காணலாம். பணம் எங்கே கரைந்தது என்று பழைய சிட்டைகளைப் புரட்டிக்கொண்டிருக்கும் வேலை இனி இல்லை.

இந்த வரவு செலவுகளை மூன்றாகப் பகுப்பது நிபுணர்களின் வழக்கம். அன்றாடத் தொழிலால் வந்ததும் போனதும் ஒன்று. தராசு, இயந்திரம் போன்ற நிலைத்த பொருள்களை வாங்குவதும் விற்பதும் மற்றொன்று. கடன் பெறுவதும் திருப்புவதும், முதலாளி பணம் போடுவதும் எடுப்பதும் மூன்றாவது. முதற்பகுதி பல மாதங்கள் தொடர்ந்து குறைவாகவே இருந்து, கடன் வாங்கித்தான் கடை நடக்கிறது என்றால், அதனை எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. நாம் பதியாததை எந்த இயந்திரமும் எடுத்துத் தராது. வாடிக்கையாளர் கைப்பேசி வழியே செலுத்தும் தொகை நம் சொந்தக் கணக்கில் போய் விழுந்தால், கடைக்கணக்கில் அது தோன்றாது. கடைப் பணத்திலிருந்து ஊருக்கு, பெற்றோருக்கோ வீடு கட்டவோ, அனுப்பும் தொகையை எழுதாமல் விடுவோரும் பலர். அதனைச் சொந்த எடுப்பு என்று அன்றே பதிவது நலம். எழுதிக் கொடுத்த காசோலை வங்கியில் மாறாதிருப்பதும் உண்டு. ஆதலால் மாதம் ஒரு முறையேனும் வங்கிக் கணக்கோடு நம் ஏட்டை ஒப்பிட வேண்டும்.

கடன் கேட்கும்போதும் இச்சுருக்கம் துணைபுரியும். சொத்து அடமானம் மட்டுமின்றிப் பண ஓட்டத்தையும் பார்த்துச் சிறு தொழிலுக்குக் கடன் தரும் முறை நம் நாட்டில் வளர்ந்து வருகிறது. அதன்பொருட்டு, ரிசர்வ் வங்கியின் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அமைந்த கணக்குத் தொகுப்பாளர் நிறுவனங்கள் 2021 முதல் செயற்படுகின்றன. நம் சம்மதத்தின் பேரில் வங்கிக்கணக்கு விவரங்களைக் கடன் தருவோருக்கு அவை கொண்டு சேர்க்கின்றன. அவ்விவரங்களைத் தாமே திறந்து பார்க்க அவற்றுக்கு அனுமதியில்லை. எதற்காக, எவ்வளவு காலத்துக்கு என்று படித்தறிந்த பின்னரே நாம் சம்மதம் தர வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் நமக்கு உரிமையுண்டு.

வாரத்தில் ஒரு நாள், கடையடைத்த பின் கால் மணி நேரம் இச்சுருக்கத்தின் முன் அமர்வோம். வரவேண்டிய பாக்கி எவ்வளவு, அடுத்த மாதம் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று அதனோடு சேர்த்து எழுதிப் பார்ப்போம். முதல் தேதியன்று நம்மை நம்பி வேலை செய்வோருக்குத் தடையின்றிச் சம்பளம் கொடுக்க இயன்றால், அக்கால் மணி நேரம் வீண்போகவில்லை என்பது விளங்கும்.