புது கிட்டார் வாங்குமுன் பழைய கிட்டாரைச் சரிபாருங்கள்

எலெக்ட்ரிக் கிட்டார் கற்கத் தொடங்கி ஆறேழு மாதம் ஆனதும் பலருக்கும் ஒரு சந்தேகம் வரும்: கை தேறிவிட்டது, கிட்டார்தான் தேறவில்லையோ? ஸ்குவையர், யமஹா பசிஃபிக்கா, ஐபனேஸ் ஜியோ, கோர்ட் என்று எதை வாங்கியிருந்தாலும் கதை ஒன்றுதான். யூடியூபில் கேட்கிற சத்தம் நம் அறையில் வருவதில்லை. எஃப் கார்டு பிடித்தால் விரல் வலிக்கிறது. இரண்டு பாட்டு வாசிப்பதற்குள் ட்யூனிங் கலைந்துவிடுகிறது. பிக்கப்பை மாற்றலாமா, பெடல் வாங்கலாமா, பேசாமல் விற்றுவிட்டு வேறு கிட்டாருக்கே போய்விடலாமா என்று மனம் அலைபாயும்.

கையில் பணம் அளவாக இருந்தால் எதை முதலில் செய்வது என்பதுதான் முக்கியம். முதலில் ஸ்ட்ரிங்கும் செட்டப்பும். அடுத்தது சத்தம் வெளியே வருகிற ஸ்பீக்கர் பக்கம். பெடல், பிக்கப், புது கிட்டார் எல்லாம் அதற்குப் பிறகு. கடையில் கண்ணாடிக்குள் பளபளவென்று வைத்திருப்பவை பெரும்பாலும் இந்த வரிசையின் கடைசியில் வருபவை.

இதற்குக் காரணம் இருக்கிறது. இன்று மரத்தை அறுப்பது கணினி இயக்கும் இயந்திரம். அதனால் குறைந்த விலைக் கிட்டாரிலும் ஃபிரெட் இடைவெளி, கழுத்தின் வடிவம் எல்லாம் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். தயாரிப்பாளர்கள் அதிகம் மிச்சம் பிடிப்பது ஆள் கூலியில். ஃபிரெட் முனைகளைக் கையில் குத்தாதபடி ராவுவது, நட்டில் உள்ள ஒவ்வொரு பள்ளத்தையும் அந்தந்த ஸ்ட்ரிங்கின் தடிமனுக்கு ஏற்ப அறுப்பது, கடைசியாக ஒருவர் உட்கார்ந்து வாசித்துப் பார்த்து உயரத்தைத் திருத்துவது என்று நேரம் பிடிக்கிற வேலைகள் பாதியில் நின்றுவிடும். விட்டுப்போன அந்த வேலையைப் பிறகு செய்துகொள்ளலாம். கொஞ்சம் நீங்களே செய்யலாம், மீதியை ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுக்கலாம்.

ஸ்ட்ரிங்கில் ஆரம்பிப்போம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஈரக்காற்றும் விரல் வியர்வையும் சேர்ந்து ஸ்ட்ரிங்கைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. சில நூறு ரூபாய்க்கு நல்ல செட் கிடைக்கும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்து வைத்தால் அந்தச் செட் இன்னும் கொஞ்ச நாள் உழைக்கும்.

தடிமனை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கணக்கிடுவார்கள். ‘9 செட்’ என்றால் மெல்லிய ஸ்ட்ரிங் 0.009 அங்குலம், தடித்தது வழக்கமாக 0.042. ‘10 செட்’ என்றால் 0.010 முதல் 0.046 வரை. தடித்த ஸ்ட்ரிங் போட்டால்தான் சத்தம் கனமாக வரும் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. கர்நாடக சங்கீதப் பழக்கம் உள்ளவர், கமகத்தை ஸ்ட்ரிங்கை வளைத்துப் பிடிக்க ஆசைப்படுபவர் என்றால் 9 செட்தான் கைக்கு இதம். எந்தத் தடிமனுக்கு மாறினாலும் கழுத்தின் மேல் உள்ள இழுவிசை மாறும், அதனால் செட்டப்பையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். புது ஸ்ட்ரிங் மாட்டியதும் ஒவ்வொன்றையும் மெல்ல மேலே இழுத்து விட்டு, திரும்ப ட்யூன் செய்து, மறுபடி இழுங்கள். சுருதி இறங்காமல் நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும். ட்யூனிங் நிற்கவில்லை என்ற புகாரில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

இனி செட்டப். இதற்கு வீட்டில் இருக்கிற பொருட்களே அளவுகோலாகப் போதும். முதலில் கழுத்தின் வளைவு. தடித்த ஸ்ட்ரிங்கை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். முதல் ஃபிரெட்டில் கேப்போ போட்டுவிட்டால் ஒரு கை மிச்சம். இப்போது அந்த ஸ்ட்ரிங் நேர்க்கோடாக நிற்கும். ஏழாவது, எட்டாவது ஃபிரெட் அருகே ஸ்ட்ரிங்குக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே சுமார் கால் மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். சாதாரண ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். இரண்டு மூன்று தாள் உரசாமல் நுழைந்தால் சரி. அதற்கு மேல் இடைவெளி இருந்தால் கழுத்து முன்பக்கம் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியை ஆலன் கீயால் வலப்பக்கம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒரே மூச்சில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். திருப்பிய பிறகு மறுபடி ட்யூன் செய்து அளந்து பாருங்கள். அளவு பொருந்தாத கீயைப் போட்டு உள்முனையை வழித்துவிட்டால் பிறகு செலவு அதிகம். கீ இறுக்கமாக உட்காரவில்லை, அல்லது ராட் அசையவே மறுக்கிறது என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு ரிப்பேர் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

அடுத்தது ஸ்ட்ரிங்கின் உயரம். வாசிப்பவர்கள் ஆக்ஷன் என்பார்கள். ஃபெண்டர் வகைக் கிட்டார்களுக்கு 17ஆவது ஃபிரெட்டில் 1.6 மில்லிமீட்டர் என்பது அந்த நிறுவனமே பரிந்துரைக்கும் அளவு. ஏடிஎம் அட்டையின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். எழுத்துப் புடைப்பு இல்லாத இரண்டு அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உள்ளே நுழைத்தால், ஸ்ட்ரிங்கை ஏறக்குறையத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். கடையிலிருந்து வந்த பல கிட்டார்களில் மூன்று அட்டை தாராளமாக நுழையும். பிரிட்ஜில் உள்ள ஒவ்வொரு சேடலிலும் இரண்டு குட்டி ஆலன் ஸ்க்ரூ இருக்கும், அவற்றைச் சமமாக இறக்கினால் உயரம் குறையும். ரொம்ப இறக்கினால் ஸ்ட்ரிங் ஃபிரெட்டில் அடித்து ‘ஜிர்’ரென்று சத்தம் கேட்கும். அப்போது கொஞ்சம் ஏற்றிவிடுங்கள்.

எஃப் கார்டு வலிக்கிறது என்பவர்கள் நட்டையும் பார்க்க வேண்டும். ஒரு ஸ்ட்ரிங்கை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று குனிந்து பாருங்கள். மயிரிழைதான் இருக்க வேண்டும். பளிச்சென்று வெளிச்சம் தெரிந்தால் நட்டின் பள்ளம் போதிய ஆழம் இல்லை. முதல் ஃபிரெட்டில் அழுத்தவே தனிப் பலம் வேண்டியிருப்பதும், அங்கே வரும் ஸ்வரம் கொஞ்சம் ஏறி ஒலிப்பதும் இதனால்தான். இதைச் சரிசெய்ய ஒவ்வொரு தடிமனுக்கும் தனி அரம் வேண்டும், கொஞ்சம் கூடுதலாக ராவினால் நட்டையே மாற்ற வேண்டிவரும். இந்த வேலையைக் கூலி கொடுத்துச் செய்துகொள்வதே நல்லது. ட்யூன் செய்யும்போது நட்டில் ‘டிக்’கென்று சத்தம் வந்தால் மட்டும், பள்ளத்தில் பென்சில் முனையால் கரியைத் தேய்த்துப் பாருங்கள். ஸ்ட்ரிங் சிக்காமல் வழுக்கிப் போகும். ட்யூனிங் கீயை மாற்றலாம் என்று பணம் எடுத்து வைத்திருந்தால், இந்தப் பென்சில் வேலைக்குப் பிறகு ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கடைசியாக இன்டொனேஷன். 12ஆவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே ஸ்ட்ரிங்கை மெல்லத் தொட்டு ஹார்மோனிக் எழுப்புங்கள், பிறகு அதே ஃபிரெட்டை அழுத்தி வாசியுங்கள். ட்யூனர் செயலியில் இரண்டும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் சேடலைக் கழுத்திலிருந்து விலக்கிப் பின்னே நகர்த்துங்கள், இறங்கியிருந்தால் முன்னே. புது ஸ்ட்ரிங் போட்ட பிறகுதான் இதைச் செய்ய வேண்டும்.

பிக்கப்பின் உயரத்தை மாற்றுவதற்கும் காசு செலவில்லை. இரு பக்கமும் உள்ள ஸ்க்ரூவைத் திருப்பினால் பிக்கப் ஏறும், இறங்கும். கிட்ட வைத்தால் சத்தம் கூடும், ஆனால் சிங்கிள் காயில் பிக்கப்பை ரொம்பக் கிட்டக் கொண்டுபோனால் காந்தம் ஸ்ட்ரிங்கை இழுத்து ஸ்வரமே தள்ளாடும். கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்தபடி இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் ஆரம்பித்துக் காதால் கேட்டு முடிவு செய்யுங்கள். புது பிக்கப் வாங்கினவர்கள் சொல்லும் ‘வித்தியாசத்தில்’ எவ்வளவு பங்கு உயரத்தை ஒழுங்காக வைத்ததால் வந்தது என்று எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு.

பிரிட்டனில், பின்னாளில் குவீன் குழுவின் கிட்டாரிஸ்ட் ஆன பிரையன் மே பள்ளிப் பருவத்தில், 1963இல், தன் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு கிட்டார் செய்யத் தொடங்கினார். கழுத்துக்கு ஒரு பழைய கணப்படுப்பின் மரம், ட்ரெமொலோவுக்கு மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். குவீன் குழுவின் ஆல்பங்களில் கேட்பது பெரும்பாலும் அந்தக் கிட்டாரைத்தான். நாம் யாரும் மரம் இழைக்க வேண்டாம். கையில் இருப்பதை அளந்து திருத்தினாலே வெகுதூரம் போகலாம்.

இப்போது ஆம்ப். கிட்டாரோடு ஒரே பெட்டியில் வருகிற 10 வாட் ஆம்பில் பெரும்பாலும் ஆறு அல்லது எட்டு அங்குல ஸ்பீக்கர் இருக்கும். அதைத் தரையில் வைத்துவிட்டு நின்று வாசிக்கிறோம், சத்தமெல்லாம் கணுக்காலுக்குப் போகிறது. கூர்மையான ஒலிகள் நேர்க்கோட்டில் போகும் என்பதால் காதுக்கு மொத்தையாகக் கேட்கும், உடனே ட்ரெபிளைத் திருகி ஏற்றுவோம். ஆம்பை நாற்காலிமேல் தூக்கிவைத்து முகத்தைப் பார்க்கும்படி சாய்த்துப் பாருங்கள். பைசா செலவில்லாமல் வேறு ஆம்ப் மாதிரி ஒலிக்கும்.

வாட் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். 10 வாட்டிலிருந்து 20 வாட்டுக்குப் போனால் சத்தம் 3 டெசிபல்தான் ஏறும், கொஞ்சம் கூடியது போலத் தெரியும், அவ்வளவே. காதுக்கு இரட்டிப்பாகத் தோன்ற 100 வாட் வேண்டும். அடுக்குமாடி வீட்டில் அதை யார் விடப்போகிறார்கள்? வீட்டில் வாசிப்பவருக்கு வாட்டைவிட ஸ்பீக்கரின் அளவும் பெட்டியின் அளவும் முக்கியம். செகண்ட் ஹேண்டில் பாஸ் கட்டானா 50 கிடைத்தால் யோசிக்கலாம். 12 அங்குல ஸ்பீக்கர், வீட்டுக்கு ஏற்றபடி அரை வாட்டுக்கு இறக்கிக்கொள்ளும் வசதி, உள்ளேயே தேவையான எஃபெக்டுகள் எல்லாம் உண்டு.

ஏற்கெனவே கணினி இருந்தால் அதைவிட மலிவான வழி இருக்கிறது. கிட்டாரை நேரே மாட்டும் ‘இன்ஸ்ட்’ வசதியுள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, நல்ல ஹெட்ஃபோன் ஒன்று. ஆம்ப் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நியூரல் ஆம்ப் மாடலர் திறமூல மென்பொருள், ஆப்பிள் கருவிகளில் கராஜ்பேண்ட் உண்டு. தந்தியைத் தட்டுவதற்கும் சத்தம் காதில் விழுவதற்கும் இடையே தாமதம் உறுத்தினால் மென்பொருள் அமைப்பில் பஃபர் அளவை 128க்குக் குறைத்துப் பாருங்கள். டிஸ்டார்ஷனைப் போட்டு டிவி ஸ்பீக்கரிலோ ஹோம் தியேட்டரிலோ நேரடியாக மாட்டினால் மட்டும் கொசு ரீங்காரம் போலக் கேட்கும். கிட்டார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலிகளை வெகுவாகக் குறைத்துவிடும், மற்ற ஸ்பீக்கர்கள் அப்படியே விடும். மென்பொருளில் ‘கேப்’ என்றிருக்கும் பகுதி செய்வது அந்த வேலையைத்தான். அதை அணைத்துவிடாதீர்கள்.

இரைச்சல் பற்றியும் சொல்ல வேண்டும். சிங்கிள் காயில் பிக்கப் இரையத்தான் செய்யும். அதை ஒழிக்கத்தான் 1955இல் கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் இரண்டு காயில் கொண்ட ஹம்பக்கரை வடிவமைத்தார். ஆனால் நம் வீடுகளில் இரைச்சலுக்கு இன்னொரு காரணம் மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர். விசிறியை முழு வேகத்தில் வைத்தாலோ நிறுத்தினாலோ இரைச்சல் அடங்குகிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கிட்டாரின் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறது, பயமில்லை. தொட்டதும் கூடினால் ஜாக்கிலோ எர்த்திலோ கோளாறு. லேசாக ஷாக் அடித்தாலும் உடனே நிறுத்தி, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் ப்ளக் பாயின்ட்டில் எர்த் வருகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். கிட்டாரின் உலோகப் பாகங்களும் ஆம்பின் எர்த்தும் ஒரே இணைப்பில் இருக்கின்றன. ஆம்பின் மூன்றாவது பின்னை ஒருபோதும் வெட்டாதீர்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் ஆசையாக வாங்கிவந்த ஆம்ப் என்றால் பின்பக்கம் 120 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று படித்துவிட்டு மாட்டுங்கள். நம் 230 வோல்ட்டில் அது கருகிவிடும்.

பெடல் விஷயத்தில் சுருக்கமாக முடித்துவிடலாம். தனித்தனியாக நான்கு வாங்குவதைவிடப் பழைய மல்டி எஃபெக்ட் ஒன்று கற்பவருக்குப் போதும். தனிப் பெடல்தான் வேண்டுமென்றால் ஒரு ஓவர்டிரைவ். ஐபனேஸ் ட்யூப் ஸ்க்ரீமரைப் பார்த்துச் செய்த மலிவுப் பெடல்கள் நிறையவே இருக்கின்றன, அவற்றில் ஏதாவது ஒன்று போதும். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ் உள்ள அடாப்டர் வேண்டும். வீட்டில் கிடக்கும் வேறு அடாப்டரை மாட்டிப் பெடலைச் சாகடிக்காதீர்கள். கேபிள் மூன்று மீட்டர் போதும். தங்க முலாமைப் பார்க்காதீர்கள், ப்ளக்கின் மூடியைத் திருகித் திறந்து சால்டரிங் ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கிட்டாரை மாற்றத்தான் வேண்டுமென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். கழுத்து முறுக்கிக்கொண்டது, ட்ரஸ் ராட் இறுகிப்போய் அசையவில்லை, ஃபிரெட் தேய்ந்து குழி விழுந்துவிட்டது, இல்லை நீங்கள் வாசிக்கும் இசைக்கு வேறு வகைப் பிக்கப் வேண்டும். அப்போதும் ஒரு படி மேலே உள்ள மாடலைச் செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். பார்க்கப் போகும்போது உங்கள் சொந்தக் கேபிளையும் ஒரு ஆலன் கீயையும் இரண்டு ஏடிஎம் அட்டைகளையும் கொண்டுபோங்கள். விற்பவரின் அனுமதியோடு ட்ரஸ் ராட் இரு பக்கமும் அசைகிறதா என்று பாருங்கள். வால்யூம், டோன் குமிழ்களைத் திருப்பும்போது கரகரத்தால் கவலை வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும். 12ஆவது ஃபிரெட்டுக்கு மேலே மெல்லிய ஸ்ட்ரிங்குகளை ஒவ்வொன்றாக வளைத்து வாசியுங்கள். வளைக்கும்போது சத்தம் பாதியில் செத்துப்போனால் ஃபிரெட் வேலை பாக்கி இருக்கிறது. அந்தக் கூலியைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.